மூணாறுக்குக் குடும்பச் சுற்றுலா: சித்திரபுரத்தில் அறை எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சித்திரபுரம் (இடுக்கி): விடுமுறைக்குக் குடும்பத்துடன் எங்கே செல்வது என்ற கேள்வி எழும்போது, தமிழகக் குடும்பங்கள் பலவற்றின் பட்டியலில் உதகை, கொடைக்கானலுக்கு அடுத்து இடம்பெறும் பெயர் மூணாறு. கைக்குழந்தையும் முதியவரும் உடன் வரும் பயணத்தில் இயற்கை அழகை மட்டும் பார்த்து இடத்தை முடிவு செய்ய இயலாது. செல்லும் மாதம், வழி, தங்கும் இடம் ஆகிய மூன்றையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். மூணாறு நகருக்குச் சுமார் 10 கி.மீ. முன்னதாக அமைந்துள்ள சித்திரபுரத்தை மையமாகக் கொண்டு அதற்கான விவரங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

அமைவிடம்

சித்திரபுரம், கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் பள்ளிவாசல் ஊராட்சிக்கு உட்பட்ட மலைக்கிராமம். கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலைக்கு அருகே, மூணாறைவிடத் தாழ்வான பகுதியில் அமைந்துள்ளது. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டமான பள்ளிவாசல் திட்டம் இப்பகுதியைச் சார்ந்ததே. திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் ஆட்சிக்காலத்தில், 1940-ஆம் ஆண்டு அத்திட்டம் செயல்பாட்டுக்கு வந்தது.

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடும் இடம் மூணாறு. தேவிகுளம் வட்டத்தின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாகத் தமிழர்கள் பணிபுரிந்து வருவதால், கடைகளிலும் வாகன நிறுத்தங்களிலும் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். முதியவர்களுக்கு இது பெரும் வசதி.

எந்த மாதம் செல்லலாம்?

தமிழகப் பள்ளிகளின் கோடை விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில் மூணாறில் கூட்டம் அதிகம். வாகன நெரிசலில் சில கிலோமீட்டரைக் கடக்கவே நீண்ட நேரம் பிடிக்கக்கூடும். கொச்சி வழியாக வருவோர் மூணாறு நகருக்குள் நுழையாமலேயே சித்திரபுரத்தை அடையலாம் என்பது அந்நாட்களில் இதன் முக்கிய நன்மை.

டிசம்பர், ஜனவரியில் மூணாறின் உயரமான தோட்டப் பகுதிகளில் வெப்பநிலை உறைநிலையை நெருங்கும், உறைபனியும் படியும். ஆஸ்துமா, மூட்டுவலி உள்ளவர்கள் இக்காலத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் மருத்துவரிடம் ஆலோசிப்பது நல்லது.

வரையாடுகளைக் காண்பதே நோக்கம் எனில் பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் தவிர்க்க வேண்டும். வரையாடுகள் குட்டி ஈனும் பருவம் என்பதால், இரவிகுளம் தேசியப் பூங்கா வழக்கமாக அம்மாதங்களில் பார்வையாளர்களுக்கு மூடப்படுகிறது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இப்பகுதியில் 2018-இல் பூத்தது. அடுத்த பருவம் 2030-இல் வரும். இடைப்பட்ட ஆண்டுகளில் மலைச்சரிவு முழுவதும் நீலமாக மாறும் காட்சியை எதிர்பார்த்து வருவோர் ஏமாற்றமடைவர்.

மழைக்காலமும் நிலச்சரிவும்

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் விடுதிக் கட்டணம் குறைவாக இருக்கும். அருவிகளில் நீர் நிறைந்திருக்கும். ஆனால் இப்பகுதியில் நிலச்சரிவு அபாயம் மிகுந்த காலமும் அதுவே.

2018 ஆகஸ்டில் பள்ளிவாசலில் ஏற்பட்ட நிலச்சரிவால் சாலை துண்டிக்கப்பட்டு, விடுதி ஒன்றில் வெளிநாட்டவர் உள்ளிட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டு பின்னர் மீட்கப்பட்டனர். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு ராஜமலை அருகே பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் மண்ணில் புதைந்தன. உயிரிழந்தோரும் காணாமற்போனோருமாக 70 பேரைப் பலிகொண்ட அவ்விபத்தில் பாதிக்கப்பட்டோரில் பெரும்பான்மையினர் தமிழ்க் குடும்பத்தினர்.

இந்திய வானிலை ஆய்வு மையம் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் மழை பெய்யக்கூடும் எனக் கணிக்கும்போது சிவப்பு எச்சரிக்கையும், 11 முதல் 20 செ.மீ. வரையிலான மழைக்கு ஆரஞ்சு எச்சரிக்கையும் விடுக்கிறது. அத்தகைய நாட்களில் மலைச்சாலைகளில் இரவுப் பயணத்துக்கும், படகுச் சவாரி, சாகச விளையாட்டுகளுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை விதிப்பதுண்டு. இடுக்கிக்குச் சிவப்பு எச்சரிக்கை இருப்பின் முன்பதிவுத் தொகையைப் பொருட்படுத்தாமல் பயணத்தை ஒத்திவைப்பதே உசிதம். மழைக்காலத்துக்கு அறை எடுப்போர், எச்சரிக்கை வெளியானால் கட்டணம் திருப்பித் தரப்படுமா என்பதை முன்கூட்டியே எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறலாம்.

எந்த வழி ஏற்றது?

தமிழகத்திலிருந்து மூன்று வழிகள் உள்ளன.

போடி வழி: தேனி, போடிநாயக்கனூர், போடிமெட்டு, பூப்பாறை வழியாக மூணாறை அடையலாம். மதுரை மற்றும் தென்மாவட்டத்தினருக்கு இதுவே அருகில். சென்னை சென்ட்ரலிலிருந்து போடிநாயக்கனூருக்கு 2023 ஜூன் முதல் வாரம் மூன்று நாட்கள் விரைவு ரயில் இயக்கப்படுகிறது. கொண்டை ஊசி வளைவுகள் அதிகம் என்பதால் வாந்தி, தலைச்சுற்றல் ஏற்படும் குழந்தைகளுக்கு இது கடினமான வழி.

உடுமலை வழி: கோவை, திருப்பூர் மாவட்டத்தினர் உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாக வரலாம். வனவிலங்குகள் நடமாடும் காட்டுப்பாதை என்பதால் பகலிலேயே கடந்துவிட வேண்டும்.

கொச்சி வழி: கொச்சி விமான நிலையம், ஆலுவா ரயில் நிலையம் ஆகிய இரண்டிலிருந்தும் மூணாறு சுமார் 110 கி.மீ. நேரியமங்கலம், அடிமாலி வழியாகச் செல்லும் இச்சாலையில் சீயப்பாறை, வாளறை அருவிகளைக் காணலாம். சித்திரபுரத்தில் தங்குவோருக்கு இதுவே நேர்வழி.

உதகை, கொடைக்கானல் செல்வோர் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் பெற்றே செல்ல வேண்டியுள்ளது. இவற்றுக்கிடையே இடத்தைத் தேர்வு செய்யும் குடும்பங்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தங்குமிடம்

ஒளிப்படத்தில் தெரியும் பள்ளத்தாக்குக் காட்சியைவிட, கட்டடம் நிற்கும் இடமே முக்கியம். செங்குத்தாக வெட்டப்பட்ட மண்சரிவுக்கு நேர்கீழே உள்ள விடுதிகளையும், ஓடைக்கரையை ஒட்டியவற்றையும் மழைக்காலத்தில் தவிர்ப்பது பாதுகாப்பானது. பள்ளிவாசல் உள்ளிட்ட மூணாறு பகுதிக் கிராமங்களில் கட்டடம் எழுப்ப வருவாய்த்துறையின் தடையின்மைச் சான்று தேவை என 2010-இல் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எனவே உரிய அனுமதியுடன் இயங்கும் விடுதிதானா என விசாரிப்பதில் தவறில்லை.

பிரதான சாலையிலிருந்து விடுதிக்குச் சாதாரண கார் செல்லுமா அல்லது ஜீப் மட்டும்தானா, அறையை அடைய எத்தனை படிகள் ஏற வேண்டும், இரவில் அவசரமெனில் வாகனம் கிடைக்குமா ஆகிய மூன்று கேள்விகளையும் தொலைபேசியிலேயே கேட்டுவிட வேண்டும்.

யாருக்கு எந்த இடம்?

முதியவர்களுக்கு: அதிகம் நடக்கத் தேவையில்லாத மாட்டுப்பட்டி அணை, குண்டளை ஏரி, நல்லதண்ணி தேயிலை அருங்காட்சியகம் ஆகியவை ஏற்றவை.

பள்ளிக் குழந்தைகளுக்கு: 97 சதுர கி.மீ. பரப்புள்ள இரவிகுளம் பூங்காவில் வனத்துறைப் பேருந்தில் ராஜமலைக்குச் சென்று வரையாடுகளை அருகில் காணலாம். தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இப்பூங்காவில்தான் உள்ளது. நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்தால் வரிசையில் காத்திருப்பதைத் தவிர்க்கலாம்.

வரலாற்று ஆர்வலர்களுக்கு: மழை மறைவுப் பகுதியான மறையூரில் சந்தனக் காடுகளும், பெருங்கற்காலத் திட்டைகளும் உள்ளன. இங்கு தயாராகும் வெல்லம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது.

ஒரே நாளில் மறையூரையும் டாப் ஸ்டேஷனையும் பார்க்க முயல வேண்டாம். அவை வெவ்வேறு திசைகளில் உள்ளன. முதல் நாளை ஓய்வுக்கும் அருகிலுள்ள இடங்களுக்கும் ஒதுக்கி, மூன்று இரவுகள் தங்கும் திட்டமே குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஏற்றது.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

* காட்டு யானைகள் சாலையில் தென்பட்டால் வாகனத்தைத் தொலைவிலேயே நிறுத்த வேண்டும். இறங்கிப் படம் எடுப்பதும், ஒலி எழுப்புவதும் ஆபத்தானவை.
* கேரள உயர் நீதிமன்ற உத்தரவின்படி, மூணாறு உள்ளிட்ட மலைச் சுற்றுலாத் தலங்களில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்களுக்கு 2025 அக்டோபர் 2 முதல் தடை உள்ளது. உலோகக் குடிநீர்ப் புட்டி எடுத்துச் செல்லவும்.
* வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளைக் கூடுதலாக இரண்டு நாட்களுக்குச் சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டும். சாலை அடைபட்டால் திரும்புவது தாமதமாகலாம்.
* அவசர உதவிக்கு 112, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 ஆகிய எண்களைத் தொடர்புகொள்ளலாம்.