ஆங்கிலம் கற்க மறுத்த சமூகமும் அறிஞர் சித்திலெப்பையும்

‘முஸ்லிம்கள் ஆங்கிலக் கல்வியை வெறுத்தார்கள், அதனால் பின்தங்கினார்கள்’ என்ற வாக்கியத்தை மேடைகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம், மாநாட்டு மலர்களில் படித்திருக்கிறோம். இன்று மதரஸாவில் ஆங்கில அரிச்சுவடி நடத்தும்போது கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் மாணவனைப் பற்றியும் ஏறக்குறைய இதே தீர்ப்புதான் சொல்லப்படுகிறது: ‘அவனுக்கு ஆர்வமில்லை, ஹஜ்ரத்.’ ஒரு சமூகத்தையோ ஒரு சிறுவனையோ இவ்வளவு எளிதாக முடிவுகட்டிவிடலாமா என்று அறிய, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நலம்.

1871 ஆகஸ்டில் வைஸ்ராய் மேயோ பிரபுவின் அரசு முஸ்லிம்களின் கல்வி குறித்து ஒரு தீர்மானம் வெளியிட்டது. அரசுப் பள்ளிகளில் முஸ்லிம்களின் மொழிகளுக்கு இடமளிக்க வேண்டும், அவர்கள் மிகுந்து வாழும் பகுதிகளின் ஆங்கிலப் பள்ளிகளில் தகுதியுள்ள முஸ்லிம் ஆசிரியர்களை நியமிக்க ஊக்கம் தர வேண்டும் என்பவை அதன் சாரம். அடுத்த ஆண்டு சென்னை மாகாண அரசும் முஸ்லிம்கள் நிறைந்த ஊர்களில் தனித் தொடக்கப் பள்ளிகள் அமைக்க ஆணையிட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் அப்பள்ளிகளின் பயிற்றுமொழியாக இந்துஸ்தானி கொள்ளப்பட்டது. சென்னையிலும் வட ஆற்காட்டிலும் உருது பேசிய குடும்பங்களுக்கு அது பொருந்தியது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் வாழ்ந்தவர்களோ தலைமுறை தலைமுறையாகத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். முஸ்லிம் என்றால் உருது என்று அரசு கணக்கிட்டுவிட்டது. ஆங்கிலத்திற்குச் செல்ல விரும்பிய லெப்பைச் சிறுவன் முதலில் தன் வீட்டில் எவரும் பேசாத வேறொரு மொழியின் படிகளை ஏற வேண்டியிருந்தது. அவன் வரவில்லை என்பதை ‘ஆர்வமின்மை’ என்று எழுதிக்கொள்வது அலுவலகக் கோப்புக்கு வசதியாக இருக்கலாம், உண்மை ஆகாது.

அவன் வராததற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆங்கிலம் பெரும்பாலும் மிஷனரிப் பள்ளிகளின் வழியாகவே வந்தது. அங்கே வேதாகம வகுப்பும் உடன் வந்தது. ஈமானுக்கு அஞ்சிய பெற்றோரை அறியாமை கொண்டவர்கள் என்று நாம் கூறமாட்டோம். மறுபுறம், பிள்ளை பத்துப் பன்னிரண்டு வயதில் கடையில் அமர்ந்து கணக்கு எழுதத் தொடங்கிவிடுவான். அவனுக்கு ஆங்கிலம் என்ன செய்யும் என்ற கேள்விக்கு எவரும் பதில் சொல்லவில்லை. அவர்கள் எழுத்தறியாதவர்களும் அல்லர். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அர்வி முறையில் மார்க்க நூல்களைப் பெண்களும் வீட்டில் இருந்தபடியே ஓதிவந்தனர். படிப்பை நேசித்த சமூகம்தான் அது. ஆங்கிலம் வந்த வாசலைத்தான் அது ஐயத்தோடு நோக்கியது.

அந்த வாசலையே மாற்ற முயன்ற ஒருவர், வணிகத்தாலும் மொழியாலும் தமிழக முஸ்லிம்களோடு நெருங்கிய தொடர்புடைய இலங்கைச் சோனகரிடையே தோன்றினார். 1838இல் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை ஒரு வழக்கறிஞர். ஆங்கிலத்தில் நடந்த நீதிமன்றங்களில் தொழில் செய்தவர். அங்கும் நிலைமை இதுவே: மிஷனரிப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினர், கடை அவர்களை அழைத்துக்கொண்டது. சித்திலெப்பை இந்தத் தயக்கத்தைப் பழித்துக்கொண்டு நிற்கவில்லை. 1882 டிசம்பரில் ‘முஸ்லிம் நேசன்’ என்ற வார இதழைத் தொடங்கினார். ஆங்கிலம் கற்க வேண்டும் என்ற வாதத்தை அவர் தமிழில் வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. இணங்கவைக்க வேண்டியவர்கள் தமிழ் படிப்பவர்கள் அல்லவா! 1885இல் அவர் எழுதிய ‘அசன்பே சரித்திரம்’ தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்று. அரபு கற்பிக்கப் பாடநூல்களும் எழுதினார்.

1883 ஜனவரியில் இலங்கைக் கரையில் எதிர்பாராத விருந்தினர் வந்திறங்கினர். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்ற ஒராபி பாஷாவும் அவருடைய தோழர்கள் அறுவரும் நாடுகடத்தப்பட்டுக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் ஒருவர் மஹ்மூத் ஸாமி அல்பாரூதி. 1882இல் எகிப்தின் பிரதம மந்திரியாக இருந்தவர், நவீன அரபுக் கவிதையின் முன்னோடி. தம்மைத் தோற்கடித்து, நாட்டைப் பறித்து, தீவில் கொண்டுவந்து வைத்தவர்களின் மொழி மீது வெறுப்புக் கொள்ள அவரைவிட உரிமை உடையவர் யார்? நாற்பது வயதைக் கடந்திருந்த அந்தக் கவிஞர் நாடுகடத்தப்பட்ட காலத்தில் ஆங்கிலம் கற்றார். தீவு மக்களுக்கு அரபு கற்றுக்கொடுத்தார். பள்ளிவாசல் மிம்பர்களில் ஏறி உரையாற்றினார். ஒரே மனிதர் ஒரு மொழிக்கு மாணவராகவும் மற்றொன்றுக்கு ஆசிரியராகவும் இருந்தார். ஆங்கிலம் நடத்தும் ஆலிம்கள் நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க செய்தி இது. நம்மில் பலர் அம்மொழியை வயது கடந்தே கற்றவர்கள்.

சித்திலெப்பையும் ஒராபி பாஷாவும் கைகோத்தனர். 1884இல் கொழும்பில் முஸ்லிம்களுக்கென ஒரு பள்ளி எழுந்தது. 1892 ஆகஸ்ட் 22 அன்று, ஒராபியின் ஆதரவில், மருதானைப் பள்ளிவாசலின் அருகே ‘அல்மத்ரஸதுஸ் ஸாஹிரா’ திறக்கப்பட்டது. கொழும்பு அருங்காட்சியகக் கட்டடத்தைக் கட்டிய வாப்பிச்சி மரைக்காயர் அதற்குப் பெருந்துணையாக நின்றார். அதுவே இன்றைய ஸாஹிராக் கல்லூரி. குர்ஆனும் அரபும் தமிழும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ் வந்தபோது, தகப்பனார்கள் அஞ்சியதற்கான காரணம் பாதி கரைந்துவிட்டது. ஆயினும் அவை ஒரே நாளில் நிரம்பிய பள்ளிகள் அல்ல. சித்திலெப்பை 1898இல் காலமானார். ஸாஹிரா பெரும் வளர்ச்சி கண்டது 1921இல் டி. பி. ஜாயா அதிபரான பின்னரே. தமிழகத்தில் 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1951இல் சென்னைப் புதுக் கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் எழுந்ததும் இதே வழியில்தான்.

வாசலைச் சரிசெய்தால் மட்டும் போதுமா? ‘எதற்கு?’ என்ற இரண்டாவது கேள்வி மிஞ்சுகிறது. இதற்கு நம் முன்மாதிரி மதீனாவில் இருக்கிறது. யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி நபி (ஸல்) அவர்கள் இளைஞரான ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். சுமார் அரை மாதத்தில் அவர் கற்றுத் தேர்ந்தார் என்பது திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் காணப்படும் செய்தி. அவருடைய நுண்ணறிவைப் பலரும் வியப்பார்கள். நம் கண்ணில் படுவது வேறு: கடிதங்கள் வந்துகொண்டிருந்தன, பதில் எழுத ஆள் தேவைப்பட்டது. கற்றது மறுநாளே பயன்பட்டது. ‘பிற்காலத்தில் வேலை கிடைக்கும்’ என்று அவரிடம் எவரும் சொல்லவில்லை.

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் நம்மிடம் ஓத வரும் பிள்ளைகளிடமும் அந்த ‘பிற்காலம்’ எடுபடுவதில்லை. அண்ணன் ஆங்கிலம் இல்லாமலேயே பட்டுக் கடையில் சம்பாதிக்கிறான்; தம்பிக்கு அது தெரியும். ஆகவே பாடப்புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, வாப்பாவின் மாத்திரை அட்டை, வங்கிப் படிவம், சவூதியில் இருக்கும் மாமாவின் இகாமா நகல் ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்கிறோம். காலாவதித் தேதியைத் தானே படித்துச் சொன்ன பையனுக்கு வீட்டில் கிடைக்கும் மதிப்பை எந்தப் பரிசும் தராது.

இவர்களுக்கு மொழி வராது என்பதை மட்டும் நாம் ஏற்பதற்கில்லை. பொருள் அறியாத ஒரு மொழியில் முப்பது ஜுஸ்உவையும் நெஞ்சில் சுமக்கும் ஹிஃப்ளு மாணவனுக்கா மொழி வராது? அவனைத் தடுப்பது கூச்சம். ஓதும்போது தவறினால் ஹஜ்ரத் மக்ரஜைக் காட்டித் திருத்துவார்; எவரும் சிரிப்பதில்லை. ஆங்கிலத்தில் தவறினால் வகுப்பே சிரிக்கிறது. எனவே ஆங்கில ஒலிகளையும் தஜ்வீதைப் போலவே நடத்துகிறோம். நாக்கின் நுனியை மேல் முன்பற்களின் விளிம்பில் வைத்து ஒலிக்கும் ‘ஸா’ எழுத்துதான் ‘திங்க்’ என்ற சொல்லின் முதல் ஒலி. புள்ளி வைத்த ‘தால்’தான் ‘திஸ்’ என்பதன் முதல் ஒலி. பிற பள்ளிப் பிள்ளைகள் தடுமாறும் இவ்விரண்டும், ஃபாவும், ஷீனும் இவர்களுக்கு ஐந்து வயதிலேயே வாய்த்தவை. அரபியில் இல்லாத ‘ப’வையும் ‘வ’வையும் தமிழ் தந்துவிடுகிறது. மிச்சம் இருப்பவை சில உயிரொலிகள். அவற்றுக்குத்தான் நாட்கள் பிடிக்கின்றன.