அழைப்பும் முதிய இதயமும்

இதயம் தானாகவே துடிக்கும் இயல்புடையது. ஆயினும் எப்போது விரைய வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதை அது தனக்கு வரும் அழைப்புகளைக் கேட்டே அறிகிறது. அக்கேட்கும் ஆற்றல் முதுமையில் என்னாகிறது? இவ்வினாவுக்கு அறிவியல் விடை கண்ட வரலாறு நம் சிந்தனைக்குரியது.

1905இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் லாங்லி, நரம்பின் தூண்டலையும் மருந்தையும் ஏற்கும் ஒரு பொருள் உயிரணுக்களில் இருத்தல் வேண்டும் என்றார். கண்ணுக்குப் புலப்படாத இந்த ‘ஏற்பி’யை நம்பத் தயங்கியோர் பலர். 1948இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ரேமண்ட் ஆல்குவிஸ்ட், அட்ரினலினுக்கு ஆல்ஃபா, பீட்டா என இருவகை ஏற்பிகள் உள்ளன என்றும், இதயத்தை விரையச் செய்பவை பீட்டா வகையினவே என்றும் எழுதினார். அக்கட்டுரையை வெளியிட ஓர் ஆய்விதழ் மறுத்தது. மற்றோர் இதழே அதை ஏற்றது. அக்கருத்தை அடித்தளமாகக் கொண்டு ஜேம்ஸ் பிளாக் 1960களில் பீட்டா ஏற்பிகளை அடைக்கும் புரொப்பிரனலால் மருந்தை உருவாக்கினார். இவ்வகை ஏற்பிகளின் அமைப்பையும் செயலையும் விளக்கிய ராபர்ட் லெஃப்கோவிட்சும் பிரயன் கோபில்காவும் 2012இல் நோபல் பரிசு பெற்றனர்.

இதற்கிடையே, 1958இல் பால்டிமோரில் முதுமை பற்றிய நீண்டகால ஆய்வு ஒன்று தொடங்கியிருந்தது. நலமுள்ள தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் அதில் பங்கேற்றனர். எட்வர்ட் லக்காட்டாவும் உடனுழைத்தோரும் அங்கே வியப்பான ஓர் உண்மையைக் கண்டனர். கடும் உழைப்பின்போது முதியோரின் குருதியில் நார்அட்ரினலின் இளையோரைவிட மிகுந்தே காணப்பட்டது. அழைப்பு குன்றவில்லை, உரத்தே ஒலித்தது. குன்றியது, அதற்கு இதயம் தரும் விடையே. இடைவிடாது தூண்டப்படும் ஏற்பி தன் செவியைச் சற்றே அடைத்துக்கொள்கிறது. அதன் செய்தியை அணுவினுள் எடுத்துச்செல்லும் தொடர்ச்செயல்களும் தளர்கின்றன. ஆகவே, 20 வயதில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 200 வரை உயரக்கூடிய துடிப்பு, 70 வயதில் 150 அளவில் நின்றுவிடுகிறது.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. 1984இல் வெளியான அவர்களது ஆய்வு, நலமுள்ள முதிய இதயம் வேறு வழியில் ஈடுசெய்வதைக் காட்டியது. விரைந்து துடிக்க இயலாதபோது அது மிகுதியான குருதியால் நிரம்புகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியாக வழங்குகிறது. நிதானமாகத் துடித்து, நிறைவாகக் கொடுக்கிறது.

நம் இல்லங்களில் முதியோரை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? “சீக்கிரம் வாருங்கள்” என்று விரட்டுகிறோம்; வரவில்லையெனில் குரலை உயர்த்துகிறோம். குரலை உயர்த்துவதால் பயனில்லை என்பதை அவர்களின் இதயமே கற்பிக்கிறது. கோவில் படியில் அவர்கள் நின்று மூச்சு வாங்குவது சோம்பலன்று. அதே வேளையில், மூச்சுத்திணறலையும் நெஞ்சுவலியையும் ‘வயதாகிவிட்டது’ என்று ஒதுக்குவதும் தவறு. முதுமை வேறு, நோய் வேறு.

விவிலியத்தில் முதியவர் ஏலியை நினைவுகூர்வோம். இரவில் ஒலித்த இறைவனின் குரல் அவர் செவியில் விழவில்லை. சிறுவன் சாமுவேலே கேட்டான். ஆனால், அழைப்பவர் ஆண்டவரே என்று உணர்ந்து, பதில் சொல்லும் முறையைக் கற்பித்தவர் ஏலியே. ஓடி வந்தது இளமை, புரிந்துகொண்டது முதுமை. இரண்டும் ஓரிடத்தில் இருந்ததாலன்றோ அந்த அழைப்பு வீணாகவில்லை! நம் இல்லங்களிலும் பங்குகளிலும் அவ்விரண்டும் ஒருங்கே வாழ இடம் செய்வோம்.