யார் வாசித்தார்கள், யார் விளக்கினார்கள்?

பைபிளை நன்றாகப் படிப்பது எப்படி என்று கேட்டால், தினம் ஒரு அதிகாரம், ஜெபம், மனப்பாட வசனம் என்று பதில் வரும். யார் படிக்கலாம், யார் விளக்கலாம் என்பதை அந்தப் பதில் தொடுவதில்லை. திருநெல்வேலிச் சீமையின் பெண்களுக்கு அதுவே முதல் கேள்வியாக இருந்தது.

கடம்பூரில் ரயில் ஏறித் தெற்கே போனால் திருநெல்வேலி. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பாளையங்கோட்டை. அங்கே கிளாரிந்தா கட்டிய ஆலயம் இருக்கிறது. பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே ஊரார் அதைச் சொல்வார்கள். மராத்தி பிராமணக் கைம்பெண்ணான அவர் ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்து, அவரிடம் வேதம் கற்றார். மணமாகாத உறவு என்பதால் சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் தர மறுத்தார். அதே உறவில் இருந்த ஆண் கிறிஸ்தவராகவே வாழ்ந்து முடித்தார். அவர் இறந்த பிறகுதான், 1778இல், கிளாரிந்தாவுக்கு ஞானஸ்நானம் கிடைத்தது. 1785இல் ஆலயப் பிரதிஷ்டை நடந்தது. சபையை வளர்த்தவர் அவர். குருத்துவம் ஆண்களிடம் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பிரிவினை ஒரு வேலையாகவே ஆனது. அந்த வேலையைச் செய்தவர்களை ‘பைபிள் உமன்’ என்றார்கள். பலர் கைம்பெண்கள். மிஷன் கொடுத்த சிறு சம்பளத்தில், வெள்ளைக்கார அம்மாமாரின் மேற்பார்வையில், ஊர் ஊராக நடந்தார்கள். திண்ணையிலும் அடுக்களையிலும் உட்கார்ந்து பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு சுவிசேஷத்தை வாசித்தார்கள். கேட்டவளைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். எல்லாத் தெருவும் அவர்களுக்குத் திறக்கவில்லை. சாதி வாசலில் நின்றது. அவர்கள் கொண்டுபோன பாடத்தில் ‘அடக்கமான மனைவி’யும் இருந்தாள். ஆனாலும் எழுத்துக் கூட்டக் கற்றவள் எதை வாசிப்பாள் என்பதைக் கடைசிவரை யாரும் கட்டுப்படுத்த முடியாது.

அடுக்களையில் வேதம் சொன்ன அதே பெண்ணுக்குப் பிரசங்க பீடம் இல்லை. மிஷன் அறிக்கைகளில் பலருக்குப் பெயரும் இல்லை. எண்ணிக்கை மட்டும் இருக்கிறது.

இதை மனதில் வைத்து 68ஆம் சங்கீதத்தின் 11ஆம் வசனத்தைப் படியுங்கள். ஆண்டவரின் செய்தியை அறிவிக்கும் பெருங்கூட்டம் ஒன்று அதில் வருகிறது. எபிரேய மூலத்தில் அந்தச் சொல் பெண்பால் பன்மை: அறிவிப்பவர்கள் பெண்கள். 1871இல் வெளிவந்து இன்றும் நம் சபைகளில் புழங்கும் பவர் குழுவின் மொழிபெயர்ப்பில் அது பொதுப்பாலாக நிற்கிறது. கரிசல் வெயிலில் செய்தி சுமந்து நடந்த பெண், தன்னைப் பற்றிய வசனத்தையே தன்னை அடையாளம் காணாமல் வாசித்திருப்பாள்.

ரோமர் 16இல் வரும் பெபேயாளையும் பாருங்கள். தமிழில் அவள் ‘ஊழியக்காரி’. அதே கிரேக்கச் சொல், பிலிப்பியர் நிருபத்தின் முதல் வசனத்தில் சபையின் பொறுப்பாளர்களைக் குறிக்கிறது. அங்கே ‘உதவிக்காரர்’ என்று வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவருக்குப் பெபேயாளின் பொறுப்பு தெரியாமலே போகும்.

பண்டித ரமாபாய் இதை உணர்ந்தவர். எபிரேயமும் கிரேக்கமும் கற்று, எளிய பெண்களுக்கும் புரியும் மராத்தியில் முழு பைபிளையும் மொழிபெயர்த்தார். 1922இல் அவர் இறந்தார். 1924இல் நூல் வெளிவந்தது. முக்தி மிஷன் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்களும் பெண்களே.

தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானது. அதன் முதல் பெண் பேராயராக நந்தியாலில் புஷ்பா லலிதா பொறுப்பேற்றது 2013இல். இடையில் 66 ஆண்டுகள்.

ஆகவே மாணவிகளுக்குச் சொல்வேன்: ஒரு பகுதியை எடுத்தால், அதில் பெண்கள் எங்கே என்று தேடுங்கள். இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகளை ஒப்பிடுங்கள். இதுவரை இதை நமக்கு விளக்கியவர் யார் என்று கேளுங்கள். பிறகு, திண்ணையில் அந்தப் பெண் செய்ததுபோல, உங்கள் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்.