உடனிருப்போர்: மார்சிலிங் வட்டாரமும் மனநலத் தோழமையின் வரலாறும்

சிங்கப்பூரில் மனநோய்ச் சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் மருத்துவமனைகள் இடம்பெயர்ந்த வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. எந்த ஆண்டில் எந்தச் சாலையில் ஒரு விடுதி எழுந்தது, அது எப்போது வேறிடம் பெயர்ந்தது என்பன ஆவணங்களில் தெளிவாகக் கிடைப்பதால் ஆய்வாளர்களின் கவனமும் அவ்வழியே சென்றது. ஆயினும், நோயுற்றவரின் அருகில் இருந்தவர் யார், அவரைச் சிகிச்சைக்கு அழைத்து வந்தவர் யார், சிகிச்சைக்குப் பின் அவர் யாரிடம் திரும்பிச் சென்றார் என்னும் கேள்விகளோடு அதே வரலாற்றைப் படித்தால் வேறொரு வரிசை புலப்படும். முதலில் சிறைக்காவலர், பின்னர் விடுதிப் பணியாளர், அடுத்துக் குடும்பத்தார், அதன்பின் தொலைபேசியின் மறுமுனையில் இருந்த தன்னார்வலர், இறுதியாக உடன்படிக்கும் மாணவர் என அது நீள்கிறது. தீவின் வடகோடியில் ஜொகூர் நீரிணைக்கு அருகே அமைந்த மார்சிலிங் வட்டாரத்தின் சுற்றுப்புறத்தில், மனநோயிலிருந்து மீண்டுவருவோருக்கான மருத்துவமனை ஒன்று கால் நூற்றாண்டுக் காலம் இயங்கியது. அது மூடப்பட்ட சில ஆண்டுகளில், மார்சிலிங்கை உள்ளடக்கிய உட்லண்ட்ஸ் நகரத்தில் ஒரு பெரிய தொழிற்கல்லூரி எழுந்தது. ஆகவே இவ்வரிசையின் பிற்பகுதியை விளங்கிக்கொள்ள அவ்வட்டாரம் ஏற்ற இடமாகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூரில் மனநோய்க்கு ஆளானோர் கைதிகளோடு சிறையிலேயே அடைக்கப்பட்டனர். 1840இல் அவ்வாறு அடைக்கப்பட்டிருந்த ஒருவர் மற்றொருவரைக் கொன்றதை அடுத்து, ஆளுநர் போன்ஹம் தனி விடுதி ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். 1841இல் பிராஸ் பசா சாலையும் பென்கூலன் தெருவும் சந்திக்கும் இடத்தில் அது தொடங்கியது. மருத்துவ அக்கறையைக் காட்டிலும் சிறையின் அமைதியே அதற்குக் காரணமாக இருந்ததால், உடனிருப்போர் என்னும் நிலை அங்கு காவலர்களுக்கே உரியதாயிற்று. 1861இல் விடுதி கண்டாங் கெர்பாவ் பகுதிக்கு, அதாவது கால்நடைத் தொழிலை ஒட்டித் தமிழர்களும் பிற இந்தியர்களும் குடியேறிப் பின்னர் லிட்டில் இந்தியா என்று அறியப்பட்ட வட்டாரத்திற்கு, மாற்றப்பட்டது. கூலிகளாகவும் கைதிகளாகவும் கடல் கடந்து தனியே வந்தவர்கள் நிறைந்த அந்நகரில், நோயுற்றவரைத் தேடி வர உறவினர் இல்லாத நிலையே பரவலாக இருந்தது. ஊரும் உறவும் ஒருவரைத் தாங்கிய பழைய ஏற்பாடு கப்பலேறி வரவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் அரசு விடுதி நின்றது.

1887இல் சிப்பாய் லைன்ஸ் பகுதியில் புதிய விடுதி கட்டப்பட்டது. அங்கிருந்த பெண்களுக்கான மனநல விடுதிக் கட்டடத்திலேயே, டான் ஜியாக் கிம் தலைமையில் சீன வணிகர்களும் பிறரும் விடுத்த கோரிக்கையையும் திரட்டிய நன்கொடையையும் அடுத்து, 1905இல் அரசு மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. இன்றைய சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் தன் தொடக்கத்தை அப்பள்ளியிலிருந்தே கணக்கிடுகிறது. ஆக, இந்நாட்டின் உயர்கல்வி மனநோயாளர் வெளியேறிய கட்டடம் ஒன்றில் பிறந்தது. எனினும் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு மாணவரின் மனநலம் கல்வியின் பொருளாகவோ கல்லூரியின் பொறுப்பாகவோ கருதப்படவில்லை. 1928இல் இயோ சூ காங் சாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகளுடன் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை, 1951இல் உட்பிரிட்ஜ் மருத்துவமனை என்று பெயர் மாற்றம் பெற்றது. ஊருக்கு வெளியே, மதிலுக்குள், வேண்டிய அனைத்தும் தன்னிடத்தே கொண்டதாக அமைந்த அம்மருத்துவமனையில் நோயாளரின் நண்பருக்கு இடமில்லை. பார்வை நேரத்தில் வந்துபோகும் விருந்தினராகவே குடும்பத்தாரும் இருந்தனர்.

இதே காலத்தில் இந்தியாவில் வேறொரு முயற்சி உருவாயிற்று. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், உறவினர்களை வளாகத்திலேயே கூடாரமிட்டுத் தங்கவைத்து, சிகிச்சையில் அவர்களையும் பங்குபெறச் செய்தார். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் நோயாளரோடு குடும்பத்தில் ஒருவர் தங்கும் முறையைக் கைக்கொண்டது. மருத்துவப் பணியாளர் பற்றாக்குறையில் பிறந்த வழியாயினும், உடனிருப்பவர் நோயின் இயல்பை அறிந்துகொண்டால் வீடு திரும்பிய பின்னும் மருந்தும் கவனிப்பும் தொடரும் என்பதை அது மெய்ப்பித்தது. குடும்பம் அருகில் இல்லாதவருக்கு அந்த இடத்தில் யார் நிற்பது என்னும் கேள்விக்கு மட்டும் அம்முறையில் விடையில்லை. புலம்பெயர்ந்தோர் கட்டிய சிங்கப்பூரிலோ அக்கேள்வியைத் தவிர்க்க வழியில்லை.

மார்சிலிங்கின் பழைய வரலாறும் இவ்வாறு குடும்பத்தைப் பிரிந்து வந்து உழைத்தவர்களின் வரலாறே. லிம் நீ சூன் என்னும் தொழிலதிபரின் ரப்பர்த் தோட்டமாக இருந்த அவ்விடத்திற்கு அருகே 1924இல் ஜொகூர் பாலமும், செம்பவாங்கில் 1938இல் பெருங்கப்பல்களைப் பழுதுபார்க்கும் கப்பல்துறையுடன் பிரிட்டிஷ் கடற்படைத் தளமும் திறக்கப்பட்டன. அத்தளத்தில் தமிழர், மலையாளி, சீக்கியர் எனப் பலரும் வேலை செய்தனர். பிரிட்டிஷ் படைகள் விலகிய பின், அட்மிரல்டி ரோடு வெஸ்ட் சாலையிலிருந்து பிரியும் வியூ ரோட்டில், கடற்படைத் தளத்திற்கெனக் கட்டப்பட்டிருந்த கட்டடம் ஒன்றை உட்பிரிட்ஜ் மருத்துவமனை 1975இல் ஏற்று, வியூ ரோடு மருத்துவமனை என்னும் கிளையாக நடத்தத் தொடங்கியது.

அக்கிளையின் நோக்கம் மறுவாழ்வு. நோயின் கடுமை தணிந்தவர், வேலை, பணம், பயணம், அண்டை அயலாரோடு பழகுதல் ஆகியவற்றை மீண்டும் கற்றுக்கொண்டு சமூகத்துக்குத் திரும்பப் பயிற்சி பெறுவதே மறுவாழ்வு எனப்படுகிறது. நோயின் கொந்தளிப்பு பெரும்பாலும் சில நாள்களிலோ வாரங்களிலோ அடங்கும். வகுப்பறைக்கோ பணியிடத்துக்கோ திரும்பும் பாதை மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் நீளும். அந்த நீண்ட பாதைக்கென ஒரு தனி இடம் வேண்டும் என்பதைச் சிங்கப்பூரின் மருத்துவ நிர்வாகம் ஏற்றுக்கொண்டதற்கு வியூ ரோடு சான்றாகும். 2001இல் அது மூடப்பட்டு, பின்னாளில் அக்கட்டடம் வெளிநாட்டு ஊழியர்களின் தங்கும் விடுதியாயிற்று. தாய் மருத்துவமனை 1993இலேயே புவாங்கோக்கில் புதிய வளாகத்துக்கு மாறி, மனநலக் கழகம் என்னும் பெயரைப் பெற்றிருந்தது.

மருத்துவமனைக்கு வெளியே வேறு வகையான உடனிருத்தல் 1960களின் இறுதியில் உருவெடுத்தது. 1968இல் சிங்கப்பூர் மனநலச் சங்கமும் 1969இல் அபய ஆலோசனைச் சங்கமும் தோன்றின. பின்னதற்கு முன்மாதிரி, 1953இல் லண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பு. மருத்துவரல்லாத சாதாரண மக்கள், தக்க பயிற்சி பெற்றபின், தற்கொலை எண்ணத்தோடு அழைப்பவரின் பேச்சை அறிவுரை கூறாமலும் தீர்ப்பளிக்காமலும் கேட்பதே அதன் அடிப்படை. இலங்கையில் 1974இல் சுமித்ரயோவும், சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சினேகாவும் இதே நெறியில் எழுந்தவை. நோயாளருக்கு மருத்துவரும் உறவினரும் மட்டுமல்லாது நட்போடு செவிகொடுக்கும் மூன்றாமவரும் தேவை என்ற கருத்து இவற்றால் நிலைபெற்றது. கல்லூரித் தோழரின் பங்கு பின்னாளில் வகுக்கப்பட்டதும் இக்கருத்தின் மீதே.

அப்பங்குக்கு நெடுங்காலம் தடையாக நின்றது சட்டம். பிரிட்டிஷ் ஆட்சியில் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கி, ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமளித்தது. சிங்கப்பூரில் வழக்குத் தொடரப்பட்டது அரிதே எனினும், தோழர் ஒருவரின் உயிரைக் காக்க அவசர உதவியை அழைக்கும் மாணவர் அதே செயலால் அவரைக் குற்றவாளியாக்கிவிடக்கூடும் என்ற அச்சம் இயல்பாகவே எழுந்தது. இரகசியம் காப்பதே நட்பின் இலக்கணம் என்று கருதும் வயதில் இவ்வச்சம் மௌனத்துக்கு நியாயமாகவும் அமைந்தது. இலங்கை இக்குற்றத்தை 1998இல் நீக்கியது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிர்மாய்க்க முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என விதித்து, தண்டனையை ஏறத்தாழச் செயலிழக்கச் செய்தது. சிங்கப்பூரில் 2020 ஜனவரி 1 முதல் அப்பிரிவு நீங்கியது. தோழருக்காக உதவி கோருவது காட்டிக்கொடுப்பதாகாது என்று கல்லூரிகள் தயக்கமின்றிக் கற்பிக்க வழி பிறந்தது அதன் பின்னரே.

வியூ ரோடு மூடப்பட்ட 2001ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இன்னும் இரு காரணங்களால் நினைவில் நிற்கிறது. அவ்வாண்டு ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். அவ்வூர்த் தர்காவில் தங்கிக் குணம்பெறலாம் என்ற நம்பிக்கையில் கொண்டுவந்து விடப்பட்டவர்களின் அருகே, சங்கிலியை அவிழ்க்க ஒருவரும் இல்லாமற்போனது தமிழ்நாட்டையே உலுக்கியது. அதே ஆண்டில் சிங்கப்பூர் மனநலக் கழகம், மனச்சிதைவு போன்ற கடும் மனநோய்களைத் தொடக்கத்திலேயே கண்டறியும் திட்டத்தை ஏற்படுத்தியது. அறிகுறி தோன்றிய நாளுக்கும் சிகிச்சை தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் நீள நீள மீட்சி கடினமாகும் என்பதே அத்திட்டத்தின் அடிப்படை. வாழ்நாளில் தோன்றும் மனநோய்களில் நான்கில் மூன்று பங்கு 24 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியதும், அறிகுறியை முதலில் காணக்கூடியவர் மருத்துவரல்லர், உடன்படிப்பவரே என்பது தெளிவாயிற்று. 16 முதல் 30 வயது வரையுள்ளோர் இலவசமாக மனநல மதிப்பீடு பெறும் 'சாட்' சேவை 2009இல் தொடங்கப்பட்டது இப்பின்னணியிலேயே. மருத்துவமனை என்ற சொல்லுக்கே தயங்கும் இளையரை எண்ணி, அதன் நிலையம் ஆர்ச்சர்ட் வட்டாரத்தின் இளையர் வளாகத்தில் அமைக்கப்பட்டது.

2002இல் நிறுவப்பட்ட ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி, ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஃபுமிஹிகோ மாக்கி வடிவமைத்த உட்லண்ட்ஸ் வளாகத்துக்குச் சில ஆண்டுகளில் குடிபுகுந்தது. மார்சிலிங்குக்கு அருகிலுள்ள அக்கல்லூரி, நாளுக்கு ஒரு சிக்கல் என்னும் கற்பித்தல் முறையால் அறியப்பட்டது. சுமார் 25 பேர் கொண்ட வகுப்பு ஐவர் ஐவராகப் பிரிந்து, காலையில் தரப்படும் சிக்கலை ஆராய்ந்து, மாலைக்குள் தீர்வை முன்வைத்தது. நூற்றுக்கணக்கானோர் அமரும் விரிவுரை மண்டபத்தில் ஒருவர் வராமற்போனால் யாருக்கும் தெரியாது. ஐவர் குழுவில் ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டாலும், உறங்காத கண்களோடு வந்தாலும், அடுத்தடுத்து வராமலிருந்தாலும் எஞ்சிய நால்வரும் அன்றே அறிவர். மனநலத்துக்கென வகுக்கப்படாத கற்பித்தல் முறை ஒன்று, மாற்றத்தைக் கவனிக்கும் வாய்ப்பைத் தன் அமைப்பிலேயே கொண்டிருந்தது.

கவனிப்பதை முறைப்படுத்தும் பணியைக் கல்வி அமைச்சு மேற்கொண்டது. எல்லாப் பள்ளிகளிலும் 2022க்குள் சகமாணவர் ஆதரவு அமைப்பு ஏற்படுத்தப்படும் என்று அது 2020இல் அறிவித்தது. உயர்கல்வி நிலையங்களிலும் இத்தகைய அமைப்புகள் உள்ளன. சகமாணவர் ஆதரவாளர் என்பவர், தோழர்களின் துயரத்தை இனங்கண்டு, பொறுமையாகக் கேட்டு, தேவையானபோது ஆலோசகரிடம் சேர்ப்பிக்கப் பயிற்சி பெற்றவர். உயிருக்கு ஆபத்து நேரக்கூடிய மனநல நெருக்கடியில் அவரது கடமை மேலும் திட்டவட்டமானது. 'உயிரை விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறாயா' என்று நேராகக் கேட்பது அவ்வெண்ணத்தை ஊட்டிவிடாது என்பதை ஆய்வுகள் உறுதி செய்துள்ளதால், சுற்றி வளைக்காமல் அதைக் கேட்க வேண்டும். யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்களிக்கக் கூடாது. தனியே விடாமல், 995 என்ற அவசர எண்ணையோ, 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணையோ, 1767 என்ற அபய ஆலோசனைச் சங்கத்தின் எண்ணையோ அழைக்க வேண்டும்.

இம்முறைகளின் தேவை ஐயத்துக்கு இடமற்றது. 2016இல் நடந்த சிங்கப்பூர் மனநல ஆய்வின்படி ஏழு பேரில் ஒருவர் வாழ்நாளில் மனநோய் ஒன்றுக்கு ஆளாகியுள்ளார். அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் எந்த உதவியையும் நாடவில்லை. தமிழ்க் குடும்பங்களில் இத்தயக்கத்துக்குத் தனிக் காரணங்களும் உண்டு. மகன் அல்லது மகளின் நோய் வெளியில் தெரிந்தால் திருமணப் பேச்சு தடைபடும் என்னும் கவலையும், கண்ணேறு, கிரகதோஷம் என்று விளக்கம் தேடும் பழக்கமும் மருத்துவரைக் கடைசிப் படியாக்கிவிடுகின்றன. பெற்றோரிடம் எடுத்த எடுப்பில் சொல்லத் துணியாத மாணவர் தோழரிடம் சொல்வதும், அவர் வீட்டில் நெருங்கிப் பழகிய அத்தோழர் இடையில் நின்று பேசுவதும் இச்சூழலில் பெரும் மதிப்புடையன.

எனினும் பயிற்சிகள் அனைத்தும் கண்டறிதல், சேர்ப்பித்தல் ஆகிய இரண்டிலேயே குவிந்திருப்பது ஒரு குறை. ஆலோசகரிடம் ஒப்படைத்ததும் தோழரின் கடமை முடிந்ததென்று கருதினால், மருத்துவமனையிலிருந்து திரும்பும் மாணவர் தவறிய பாடங்களோடும், மருந்தால் வரும் மந்தத்தோடும், தன்னைப் பற்றி என்ன பேசப்பட்டது என்ற ஐயத்தோடும் தனியே போராட நேர்கிறது. மறுபுறம், இரவுதோறும் விழித்திருந்து ஒருவரைத் தாங்கும் பொறுப்பு பதினெட்டு வயது மாணவரின் தோளில் மட்டும் விழுந்தால், நாளடைவில் இருவருமே சோர்வர். ஆகவே தோழமை பலரிடையே பகிர்ந்துகொள்ளப்பட வேண்டும். தாங்குபவருக்கும் ஆலோசகரின் துணை கிடைக்க வேண்டும். கல்லூரி விடுப்பு, மறுதேர்வு, பாடக் குறைப்பு ஆகியவற்றால் திரும்பும் வழியைத் திறந்துவைக்க வேண்டும். நெருக்கடி தணிந்த பின்னரும் பயிற்சியும் காலமும் துணையும் வேண்டும் என்று 1975இல் வியூ ரோட்டை அமைத்தவர்கள் உணர்ந்திருந்தனர். மருத்துவமனைக்குள் அன்று நடந்த அப்பணி இன்று வகுப்பறையிலும் அடுக்குமாடி வீடுகளிலும் நடக்க வேண்டியிருப்பதால், சேர்ப்பிக்கப்பட்ட மாணவர்களோடு, திரும்பிவந்து படிப்பை முடித்த மாணவர்களையும் கணக்கிட்டே கல்லூரிகள் தம் ஆதரவுத் திட்டங்களை மதிப்பிட வேண்டும்.