தராசு சொல்லாதது: வளரிளம் பருவத்தினரின் உணவும் உடல் எடையும்

வளரிளம் பருவத்தினரின் உடல் எடையைப் பற்றிப் பேசும்போது மெலிவை ஏழை வீட்டுச் சிக்கலாகவும் பருமனை வசதியான வீட்டுச் சிக்கலாகவும் பிரித்துவிடுகிறோம். இந்தப் பிரிவினை நிற்காது. பெரும்பாலும் இரண்டும் ஒரே உணவுமுறையின் விளைவுகள்.

2016–18இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு, 10 முதல் 19 வயது வரையுள்ள இந்தியர்களில் 24 விழுக்காட்டினர் மெலிந்தவர்கள், 5 விழுக்காட்டினர் மிகை எடையினர் என்று கண்டது. அதே ஆய்வில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு இரத்தச் சர்க்கரை, நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தது. மிகை எடையினர் அத்தனை பேரையும் இந்தக் கணக்கில் சேர்த்தாலும் பாதி மிஞ்சுகிறது. இரும்புச்சத்துக் குறைவு அந்த இரத்தச் சர்க்கரைச் சோதனையின் முடிவைச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பது நியாயமான மறுப்பே. ஆயினும் இவ்வளவு பெரிய இடைவெளியை அது ஒன்றே விளக்கிவிடும் என்று நான் கருதவில்லை.

புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக், பிரிட்டிஷ் மருத்துவர் யுட்கினுடன் சேர்ந்து 2004இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஒப்பீடு இங்கே பொருந்துகிறது. இருவருக்கும் உடல் நிறை குறியெண் 22.3. யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக் உடலிலோ 21.2. பார்வைக்கு ஒல்லியாக இருந்தும் தசை குறைந்து கொழுப்பு மிகுந்த உடல்வாகு நம்மிடையே பரவலானது. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2015இல் மிகை எடைக்கான எல்லையை, வயதுவந்தோரின் குறியெண் 25க்குப் பதில் 23க்கு ஈடாகத் தாழ்த்தியதற்கும் இதுவே அடிப்படை.

தசை வளர வேண்டிய வயதில் தட்டில் என்ன விழுகிறது? 16–18 வயதுப் பையனுக்கு நாளொன்றுக்கு 55 கிராம் புரதம் வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். தானியத்திலிருந்து வரும் ஆற்றல் 45 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றும் அது சொல்கிறது. நம் வீடுகளிலோ காலை இட்லி, மதியம் சோறு, இரவு தோசை. பருப்பு பெரும்பாலும் சாம்பாரின் அளவோடு நின்றுவிடுகிறது. பொதுத்தேர்வு ஆண்டுகளில் அந்த இட்லியும் போய்விடுகிறது. விடியலில் சிறப்பு வகுப்பு, வெறும் வயிறு, மாலையில் பள்ளி வாசலில் பப்ஸும் குளிர்பானமும். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. பிள்ளையின் நாவைக் குறைசொல்வதற்கு முன் இந்த நேர அட்டவணையைப் பார்க்க வேண்டும். 'குண்டு' என்ற கேலிக்கு அஞ்சிக் காலை உணவைத் தவிர்க்கும் மாணவிக்கு இழப்பு இன்னும் பெரிது: முன்சொன்ன தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் வளரிளம் பெண்களில் 40 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள்.

தமிழ்நாட்டு அரசின் காலை உணவுத் திட்டம் 5ஆம் வகுப்போடும், முட்டையுடன் கூடிய சத்துணவு 10ஆம் வகுப்போடும் முடிகின்றன. புரதத் தேவை உச்சத்தை எட்டும் மேல்நிலை வகுப்புகளில் அரசின் கை விலகிவிடுகிறது. பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கத் தடை விதிக்கும் 2020ஆம் ஆண்டு விதி இருக்கிறது. ஆனால் தடையால் மட்டும் பசி ஆறாது. முட்டையும் சுண்டலும் சேர்ந்த காலை உணவை 12ஆம் வகுப்பு வரை நீட்டிக்க வேண்டும். ஒல்லியான உடலில் ஒளிந்திருக்கும் கொழுப்பைத் தராசு காட்டாது என்பதால், பள்ளி மருத்துவப் பரிசோதனையில் எடையோடு இடுப்புச் சுற்றளவையும் அளக்க வேண்டும். அதற்கு ஓர் அளவுநாடா போதும்.