இருக்கையால் பிரிந்த திருச்சபைகள்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் கிறித்தவ சமயப் பிரிவுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. மெதடிஸ்டு என்னும் ஒரே பெயரைத் தாங்கி, வெள்ளையர் மிகுந்த சபையும் கறுப்பின மக்களின் சபைகளும் அங்குத் தனித்தனியே இயங்குகின்றன. இதனைக் காணும் நம் இளைஞர்கள், கோட்பாட்டு வேறுபாடே காரணம் என எண்ணக்கூடும். ஞானஸ்நானத்திலோ திருவிருந்திலோ அவர்களுக்குள் பெரும்பூசல் எழுந்ததில்லை. ஆலயத்தில் யார் எங்கே அமர்வது என்பதிலேதான் பூசல் எழுந்தது.

ரிச்சர்டு ஆலன் 1760-இல் அடிமையாகப் பிறந்தவர். கூலி வேலை செய்து பணம் சேர்த்துத் தம்மையே விலைகொடுத்து மீட்டுக்கொண்டவர். பிலடெல்பியா நகரத்துத் தூய ஜார்ஜ் மெதடிஸ்டு ஆலயத்தில் அவர் போதிக்கத் தொடங்கியதும் கறுப்பின மக்கள் திரளாக வந்தனர். கூட்டம் பெருகவே அவர்களுக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. ஒரு ஞாயிறன்று மேல்மாடத்தில் முழங்காலிட்டு வேண்டிக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்சை ஆலயப் பொறுப்பாளர் பிடித்து இழுத்து எழுப்ப முயன்றார். வேண்டுதல் முடியும்வரை பொறுக்குமாறு ஜோன்ஸ் கேட்டும் பயனில்லை. வேண்டுதல் முடிந்ததும் கறுப்பின மக்கள் அனைவரும் ஒருங்கே எழுந்து வெளியேறினர். அந்த மேல்மாடத்தை அமைப்பதற்குப் பணமும் உழைப்பும் தந்தவர்களுள் அவர்களும் இருந்தனர். தனி வாயிலையும் தனி வரிசையையும் அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இது நிகழ்ந்தது 1787-இல் என ஆலன் எழுதினார். கட்டடக் கணக்குகளைக் கொண்டு 1792 என்பாரும் உளர்.

ஆலன் பழைய கொல்லுப்பட்டறை ஒன்றை வாங்கிக் குதிரைகளைப் பூட்டி இழுத்துவந்து தம் நிலத்தில் நிறுத்தினார். 1794-இல் பெத்தேல் ஆலயமாகத் திறக்கப்பட்டது அக்கொட்டகையே. அதன்மீது தமக்கே அதிகாரம் என வெள்ளையர் சபையினர் வழக்காடினர். 1816-இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் பெத்தேல் சபையார் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் ஆப்பிரிக்க மெதடிஸ்டு எபிஸ்கோப்பல் திருச்சபை அமைந்தது. ஆலன் அதன் பேராயரானார்.

இத்திருச்சபையின் தொண்டுகளுள் நாம் ஊன்றி நோக்கத்தக்கது கல்வியே. டேனியல் பெய்ன் 1811-இல் தென் கரோலினாவின் சார்லஸ்டன் நகரில் பிறந்தவர். 1829-இல் அங்குத் தம் இனப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். கறுப்பினத்தார் பள்ளி நடத்துவதைக் குற்றமாக்கிய சட்டத்தால் 1835-இல் அதனை மூடிவிட்டு ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது. பின்னர் 1852-இல் பேராயரானார். போரினால் மூடப்பட்டுக் கிடந்த ஒகையோ மாநில வில்பர்போர்சுக் கல்லூரி 1863-இல் விலைக்கு வந்தபோது, கையில் பணமில்லாத நிலையிலும் 10,000 டாலருக்குத் தம் திருச்சபையின் பெயரால் அதனை ஏற்றார். அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்குத் தலைவரான முதல் கறுப்பினத்தவர் இவரே. 1865-இல் கல்லூரிக் கட்டடம் தீக்கிரையாகியது, மீண்டும் எழுப்பினர். அதே ஆண்டில், 30 ஆண்டுகளுக்கு முன் தம்மை விரட்டிய சார்லஸ்டனுக்குப் பேராயராகத் திரும்பிச் சென்றார்.

அடிமை முறை பற்றிய பிணக்கால் மெதடிஸ்டு சபை 1844-இல் பிளவுபட்டது. 1845-இல் தென்மாநிலப் பாப்டிஸ்டுகள் தனியே பிரிந்தனர். அடிமைகள் தம் எசமானரின் சபையிலேயே கணக்கிடப்பட்டனர். தென்மாநில மெதடிஸ்டு சபையில் 1860-இல் 2 இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த கறுப்பின உறுப்பினர், விடுதலைக்குப் பின் 1866-இல் 80 ஆயிரத்துக்கும் குறைந்தனர். அவர்கள் சமயத்தைத் துறக்கவில்லை; தம்மவர் சபைகளை நாடிச் சென்றனர். பாப்டிஸ்டு மக்களும் 1895-இல் அட்லாண்டாவில் தமக்கெனத் தேசிய மாமன்றம் கண்டனர்.

வெள்ளையர் சபைகள் விரைந்து திருந்தினவோ எனில், இல்லை. பிரிந்த மெதடிஸ்டுகள் 1939-இல் மீண்டும் இணைந்தபோது, பிற ஆட்சி வட்டாரங்களையெல்லாம் நில எல்லைப்படி வகுத்துவிட்டு, கறுப்பினச் சபைகளை மட்டும் நிறத்தைக் கொண்டு ஒரே வட்டாரமாக்கினர். மேல்மாடத்தைச் சட்டத்தில் எழுதிவைத்தனர் என்றே சொல்லலாம். 1968-இல்தான் அவ்வேற்பாடு நீங்கியது. ஞாயிறு காலை 11 மணியே அமெரிக்காவில் இனப்பிரிவினை மிகுந்த நேரம் என மார்ட்டின் லூதர் கிங் 1960-இல் கூறியது மிகையன்று. அடிமை முறைக்கு ஆதரவாக நின்றமைக்குத் தென்மாநிலப் பாப்டிஸ்டு மாமன்றம் மன்னிப்புக் கோரியது 1995-இல். தோன்றி 150 ஆண்டுகள் கழித்து.

இன்று மாற்றம் வேறு திசையில் செல்கின்றது. பியூ ஆய்வு மையத்தின் கணக்கெடுப்புப்படி 2007-இல் வயதுவந்த அமெரிக்கர்களுள் நூற்றுக்கு 78 பேர் தம்மைக் கிறித்தவர் என்றனர்; 2023-24-இல் 62 பேரே அவ்வாறு கூறினர். எச்சமயத்தையும் சாராதோர் 16 விழுக்காட்டிலிருந்து 29 விழுக்காடாகப் பெருகினர். கறுப்பின இளைஞருள்ளும் முன்னோர் கட்டிய ஆலயங்களுக்குச் செல்லாதோர் பலர் உளர். அவர்களை எவரும் முழங்காலிலிருந்து இழுத்து எழுப்பவில்லை. ஆகவே இவ்வெளியேற்றத்தையும் அவ்வெளியேற்றத்தையும் ஒன்றாக வைத்து எண்ணுதல் தகாது.