சாரதியின் பக்கத்து ஆசனம்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதினோர் பெரும்பாலும் இயந்திரத்தின் வரலாற்றையே எழுதினர். வண்டியைச் செய்தவர் யார், அதன் குதிரைவலு எத்தனை, மணிக்கு எத்தனை மைல் ஓடிற்று என்பனவெல்லாம் நூல்களில் விரிவாகக் காணக்கிடக்கின்றன. அவ்வண்டியில் முதன்முதலாக ஏறி, உள்ளங்கை வியர்க்கச் சுக்கானைப் பற்றிய இளைஞரைப் பற்றியும், பக்கத்து ஆசனத்தில் இருந்து அவருக்குத் தைரியம் சொன்னவரைப் பற்றியும் வரலாற்றாசிரியர் அதிகம் பேசவில்லை. ஆயினும், வீதியிற் போனவர் வீடு திரும்புவது இந்த இருவரையும் பொறுத்தே இருந்தது. பிரித்தானியாவில் நிகழ்ந்தவை இதற்குத் தக்க சான்றாகும். வீதியின் இடப்பக்கமாகச் செல்லும் வழக்கத்தையும், பழகுவோரின் வண்டியில் தொங்கும் சிவப்பு 'எல்' எழுத்தையும் இலங்கை அங்கிருந்தே பெற்றுக்கொண்டது.

அந்நாட்டின் 1903ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டம் 1904 ஜனவரி 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. மோட்டார் வண்டி ஓட்டுவதற்கு 17 வயதும், மோட்டார் சைக்கிளுக்கு 14 வயதும் நிரம்பியிருத்தல் வேண்டும் என அது விதித்தது. வயது நிரம்பியவர் உள்ளூராட்சி அலுவலகத்துக்குச் சென்று 5 சிலிங் செலுத்தினால் அனுமதிப்பத்திரம் கைக்கு வரும். வண்டி ஓட்டத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கமாட்டார். பாரிஸ் நகரப் பொலிஸார் 1893ஆம் ஆண்டிலேயே சாரதியின் தகைமையைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியிருந்தும், ஆங்கிலேயர் அவ்வழியைப் பின்பற்றினாரில்லை. குற்றஞ் செய்த சாரதியைக் கண்டுபிடிப்பதே சட்டமியற்றியோரின் கவலையாக இருந்தது. வண்டிகளுக்கு இலக்கத் தகடு கட்டாயமானதும் அதற்காகவே. குற்றஞ் செய்யாதிருக்கச் சாரதிக்குக் கற்பிப்பவர் யார் என்ற கேள்வி 30 ஆண்டுகளுக்கு மேலாக விடையின்றிக் கிடந்தது.

அக்காலத்து வண்டியோ பழகுவோர்மீது இரக்கங் காட்டுவதன்று. முதலில், முன்புறத்தில் உள்ள கைபிடியைச் சுழற்றி இயந்திரத்தை எழுப்ப வேண்டும். அதற்கு முன்னர், தீப்பொறி பிறக்கும் நேரத்தைத் தாமதப்படுத்தும் சிறு நெம்புகோலை உரிய இடத்தில் வைத்திராவிட்டால், கைபிடி எதிர்த்திசையில் உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். ஆகையினால், கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமாகவே வைத்துப் பிடிக்க வேண்டும் என்பது முதற்பாடமாயிற்று. அதனினுங் கடினமானது கியர் மாற்றுதல். வேறுவேறு வேகத்திற் சுழலும் இரு பற்சக்கரங்களை ஒரே வேகத்துக்குக் கொணர்ந்த பின்னரே ஒன்றோடொன்று பொருத்தல் இயலும். உயர்ந்த கியரிலிருந்து தாழ்ந்த கியருக்கு வருபவர் கிளச்சை மிதித்து, கியரை விடுவித்து, கிளச்சைத் தளர்த்தி, இயந்திரத்தின் வேகத்தை அளவறிந்து கூட்டி, மறுபடியுங் கிளச்சை மிதித்து, அதன் பின்பே அடுத்த கியரைப் போடுவார். இத்தனையும் ஓரிரு கணத்துள் நடைபெற வேண்டும். அதுவும் வண்டி மேட்டில் ஏறும்போது, எதிரே மிரண்ட குதிரை ஒன்று வரும்போது! தவறினாற் பற்சக்கரங்கள் அரைபடும் ஓசை கேட்டுத் தெருவிலுள்ளார் அனைவரும் திரும்பிப் பார்ப்பர். கியர்களின் வேகத்தைத் தானே ஒத்துவரச் செய்யும் அமைப்பை அமெரிக்காவின் கடிலாக் நிறுவனம் 1928ஆம் ஆண்டில் அறிமுகஞ் செய்தது. மலிவான வண்டிகளுக்கு அது வந்துசேரப் பின்னுஞ் சில ஆண்டுகள் சென்றன. அதுவரை பழகுவோர் கொண்ட அச்சத்தைக் கோழைத்தனம் என்று சொல்லுதல் நியாயமன்று. தம் கையில் இருப்பது இன்னதென்று அறிந்தவரே அஞ்சினர்.

கற்பித்தவர் எவர்? செல்வர் வீடுகளிற் குதிரைவண்டி ஓட்டியவர்கள் பலர் மோட்டார் ஓட்டவும் பழகிக்கொண்டனர். வண்டி விற்றவர் தம் ஊழியர் ஒருவரைச் சில நாள் அனுப்பிவைப்பதும் உண்டு. அவர் பொறுமையுள்ளவராக அமைவது வாங்கியவரின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நேப்பியர் மோட்டார் நிறுவனத்திற் காரியதரிசியாக வேலை பார்த்த டொரத்தி லெவிற் என்னும் பெண்மணிக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பெண் ஒருவர் ஓட்டினால் வண்டிக்கு நல்ல விளம்பரமாகும் என்று எண்ணிய செல்வின் எட்ஜ், அவருக்குப் பழக்கும்படி ஊழியர் ஒருவரை ஏவினார். அவ்வூழியர் அரை மனத்தோடுதான் அப்பணியை ஏற்றார். ஆயினும் மாணவி சோர்ந்தாரில்லை. பாரிஸ் சென்று இயந்திரத்தின் உள்ளமைப்பையும் கற்றுவந்தார். 1906ஆம் ஆண்டில் பிளக்பூல் நகரில் மணிக்கு 90 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் வண்டி செலுத்திப் பெண்களுக்குள் விரைவிற் சிறந்தவர் எனப் பெயர் பெற்றார்.

அவருடைய வேகத்தினும் அவர் 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலே பெரிதென்று கொள்ளத்தகும். பெண்ணும் மோட்டார் வண்டியும் என்று பொருள்படும் தலைப்புடைய அந்நூல், இயந்திரத்தைக் கண்டறியாத ஒருவரைக் கைபிடித்து அழைத்துச் செல்வதுபோல எழுதப்பட்டது. எந்த நெம்புகோல் எதற்கு, எண்ணெய் எங்கே விடுவது, கைபிடியை எவ்வாறு சுழற்றுவது என்று ஒவ்வொன்றாக அது விளக்கியது. ஆசனத்தின் கீழுள்ள சிறு பெட்டியிற் கையுறையும் கைக்குட்டையும் மட்டுமன்றி, மனத்தைச் சாந்தப்படுத்தச் சிறிது சொக்கலேற்றும் வைத்திருக்கும்படி அவர் சொன்னார். முகம் பார்க்கும் கைக்கண்ணாடியை இடையிடையே உயர்த்திப் பிடித்தாற் பின்னால் வரும் வண்டியைக் காணலாம் என்றும் எழுதினார். இன்று ஒவ்வொரு வண்டியிலும் சாரதியின் கண்ணெதிரே இருக்கும் கண்ணாடி, அந்நாளில் ஓர் ஆசிரியையின் கைப்பெட்டிக்குள் இருந்தது.

1910ஆம் ஆண்டில் ஸ்ரான்லி றொபேட்ஸ் என்பவர் தென் லண்டனின் பெக்கம் றையில் மோட்டார்ப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். ஜெர்மனியில் றூடோல்ப் கெம்ப் 1904ஆம் ஆண்டிலேயே அஷ்சபன்பர்க் நகரில் இத்தகையதொன்றை நிறுவியிருந்தார். ஆனாற் பாடசாலைக்குப் போனவர், அச்சமுடையவரோ ஓட்டுதலைத் தொழிலாகக் கொள்ள விரும்பியவரோதாம். அச்சமற்றவர் 5 சிலிங்கைக் கொடுத்துவிட்டு நேரே வீதிக்கு வந்தனர்.

அதன் பலன் 1934ஆம் ஆண்டிற் புலப்பட்டது. மணிக்கு 20 மைல் என்ற வேக வரம்பும் 1930ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டிருந்த காலம் அது. அவ்வோராண்டில் மட்டும் பிரித்தானிய வீதிகளில் 7,343 பேர் மாண்டனர். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் பாதசாரிகள். வண்டிகள் 4 கோடிக்கு மேற்பட்டுவிட்ட 2023ஆம் ஆண்டில் அங்கு மாண்டோர் 1,624 பேர் என்பதை நோக்கினால் அன்றைய நிலையின் கொடுமை விளங்கும். இவ்வேறுபாட்டுக்குச் சாரதிகளின் பயிற்சி மட்டுமே காரணமன்று. வீதியமைப்பும் வண்டியமைப்பும் வைத்தியமும் பெரிதும் முன்னேறின. எனினும் அன்று போக்குவரத்து மந்திரியாக இருந்த லெஸ்லி ஹோர் பெலிஷா, சாரதியைச் சோதியாமல் விட்டால் வேறெதுவும் பயன்தராது என்று கண்டார். குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் வரம்பு வந்தது. 1935 ஜூன் 1ஆந் திகதி முதல் ஓட்டுநர் தேர்வு கட்டாயமாயிற்று. பழகுநர் வண்டியில் 'எல்' எழுத்தைத் தொங்கவிட வேண்டும். அநுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டும். வெறும் வழக்கமாக இருந்த பக்கத்து ஆசனம் இவ்வாறு சட்டத்தில் இடம்பெற்றது.

தேர்வுக் கட்டணம் 7 சிலிங் 6 பென்ஸ். தேர்வு நிலையங்கள் இன்னும் அமையாமையால், பரீட்சகர் புகையிரத நிலைய வாயிலிலோ பூங்காவின் முன்னோ நின்று பழகுநரைச் சந்தித்தார். நூற்றுக்கு 63 பேர் சித்தியெய்தினர். எஞ்சியோர் மறுபடியும் பழகத் திரும்பினர். முன்னைய 30 ஆண்டுகளில் அத்தகையோரைத் திருப்பியனுப்ப ஒருவரும் இருக்கவில்லை.

இந்த ஏற்பாடு 4 ஆண்டு நடந்தது. 1939 செப்டெம்பரில் யுத்தம் மூளத் தேர்வுகள் நிறுத்தப்பட்டன. 1946 நவெம்பரிலேயே மீண்டன. இருட்டடிப்பினால் வீதி விளக்குகள் அணைந்தன. வண்டியின் விளக்குகளும் மறைப்பிட்டு மங்கலாக்கப்பட்டன. பெற்றோல் பங்கீட்டினால் வண்டிகள் குறைந்திருந்தும், 1941ஆம் ஆண்டில் வீதியில் மாண்டோர் தொகை 9,169 ஆயிற்று. அந்நாட்டில் அதற்கு முன்னும் பின்னும் அத்தொகை கண்டதில்லை.

இராணுவம் மட்டும் தன் சாரதிகளை முறையாகப் பழக்கிவந்தது. கம்பர்லியில் இருந்த பெண்கள் துணைப்படையின் பயிற்சி நிலையத்துக்கு 1945ஆம் ஆண்டின் முற்பகுதியில் 18 வயது மாணவி ஒருவர் வந்தார். சில்லு மாற்றவும், இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டவும், கனத்த இராணுவ வண்டிகளைச் செலுத்தவும் மற்றவர்களைப் போலவே அவரும் கற்றார். எண்ணெய் படிந்த கையோடு அவர் வண்டியருகே நிற்கும் புகைப்படங்கள் உலகெங்கும் பரவின. பின்னாளில் இரண்டாம் எலிசபெத் மகாராணியானவர் அவரே.

1956ஆம் ஆண்டிற் சுயெஸ் கால்வாய் அடைபட்டபோது, இலங்கையிலிருந்து தேயிலை ஏற்றிச் சென்ற கப்பல்களும் ஆபிரிக்காவைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. பிரித்தானியாவிற் பெற்றோல் அருகிற்று. நவெம்பர் 24ஆந் திகதி தேர்வுகள் மீண்டும் நின்றன. பரீட்சகர்கள் பெற்றோல் பங்கீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டனர். பழகுநர் துணையின்றியே ஓட்டலாம் என அரசாங்கம் இசைந்தது. அடுத்த ஏப்ரல் வரையும் 'எல்' எழுத்துத் தாங்கிய வண்டிகள் பக்கத்து ஆசனம் வெறுமையாக இருக்க ஓடின.

மாணவரைச் சோதிக்க 1935ஆம் ஆண்டிலேயே முன்வந்த அரசாங்கம், ஆசிரியரைச் சோதிக்க மேலும் பல்லாண்டு காத்திருந்தது வியப்புக்குரியது. கூலி பெற்றுக் கற்பிப்போர் தம் பெயரைப் பதிவுசெய்யும் முறை 1964ஆம் ஆண்டில் விரும்பினோர்க்கு மட்டும் என வந்து, 1970ஆம் ஆண்டிலேயே கட்டாயமாயிற்று. அதுவரை, அனுமதிப்பத்திரம் உடைய எவரும் பலகை மாட்டி ஆசிரியராகலாம். பொறுமையும் அறிவும் உடைய ஆசிரியரை மாணவர் ஆயுள் முழுதும் நினைத்திருந்தார் எனில், அத்தகையவர் வாய்த்தது சட்டத்தினால் அன்று.

கம்பர்லியில் நன்கு பழகிய அந்த மாணவி, அரசியான பின்னர் அனுமதிப்பத்திரம் வேண்டாதவராயினும், முதுமை வரையும் தாமே வண்டி ஓட்டினார். 1998ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் பல்மோறல் மாளிகைக்கு வந்த சவூதி அரேபியப் பட்டத்து இளவரசர் அப்துல்லாவைத் தோட்டம் காட்ட அழைத்தார். பிரித்தானிய இராஜதந்திரி ஷெறாட் கூப்பர் கோல்ஸ் பின்னர் எழுதியுள்ளபடி, லான்ட் றோவர் வண்டியின் முன் ஆசனத்தில் இளவரசரை இருத்திவிட்டு அரசியே சுக்கானைப் பற்றினார். இளவரசரின் நாட்டில் அன்று பெண்கள் வண்டி ஓட்ட அனுமதி இல்லை. குறுகிய மலைப்பாதைகளில் அரசி விரைந்து செலுத்திக்கொண்டே இடைவிடாது உரையாடிவந்தார். வேகத்தைக் குறைத்து வீதியைப் பார்த்து ஓட்டும்படி, பின் ஆசனத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் மூலம் இளவரசர் மன்றாடினாராம்.